கோச் அங்கிள்: ஒரு திணை ஆய்வு

சென்னையின் தென்விளிம்பில், பழைய மகாபலிபுரம் சாலையின் இருமருங்கிலும் எழுந்துள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளில், ஆண்டுதோறும் பள்ளிகள் மூடப்பட்டு, ஏசியின் ரிமோட் யார் கையில் இருக்கவேண்டும் என்பதில் வீடுதோறும் உட்பகை மூளும் வேளையில், லிஃப்டின் கண்ணாடியில் ஓர் அறிவிப்பு ஒட்டப்படும். எட்டு முதல் பதினைந்து வயது வரையிலான இளையோருக்குப் பத்து நாள் மிதிவண்டிக் கோடைமுகாம் நடைபெறும் என்று கூறும் அவ்வறிவிப்பின் அடியில் எவருடைய பெயர் காணப்படுகிறதோ அவரே இங்கு ஆராயப்படுபவர். அவருடைய முறையான பட்டம் ஒருங்கிணைப்பாளர் என்பதாகும். பிள்ளைகள் தம்மைக் 'கோச்' என்று அழைக்கவேண்டும் என்பது அவர் விருப்பம். தந்தையின் வயதொத்த ஆடவர் எவராயினும் அவர் 'அங்கிள்' ஆகியே தீரவேண்டும் என்பது அடுக்குமாடி மரபு. இரண்டும் மோதிச் சமரசமானதில் 'கோச் அங்கிள்' என்ற தொடர் நிலைபெற்றுவிட்டது. ஒரு பொருளையே இரண்டு பெயர்கள் ஒட்டிநின்று குறிப்பதால், சாரைப்பாம்பைப் போலவே இவரும் இருபெயரொட்டுப் பண்புத்தொகை ஆவார்.

இவரை வகைப்படுத்தப் புகும் ஆய்வாளர்க்குத் தொல்காப்பியப் பொருளதிகாரமே துணை. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்குரிய உணவு, விலங்கு, பறை முதலியன கருப்பொருள். மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள். கோச் அங்கிள் தம் வண்டியை ஓட்டும் நிலம் கிழக்குக் கடற்கரைச் சாலையாதலால் அது நெய்தல். அவர் ஓட்டும் பொழுதோ விடியற்காலை நான்கரை மணி; வைகறை மருதத்துக்குரியது; மருதத்தின் உரிப்பொருள் ஊடல் என்று இலக்கணம் கூறுவது, ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு அலாரம் அடிக்கும் எந்த வீட்டிலும் சான்றின்றியே விளங்கும். முகாம் நடைபெறும் காலமாகிய வேனில் பாலைக்குரியது. பாலையின் உரிப்பொருள் பிரிவு. பிள்ளைகளை நாளொன்றுக்கு இரண்டு மணிநேரம் பிரியும் பெற்றோர் அப்பிரிவால் மேனி பசந்ததாகவோ வளை நெகிழ்ந்ததாகவோ சான்று கிடைக்கவில்லை. மாறாக, அதை நான்கு மணிநேரமாக நீட்டமுடியுமா என்று அவர்கள் வினவுவதே வழக்கம். நெய்தலின் நிலமும் மருதத்தின் பொழுதும் பாலையின் பருவமும் ஒருவரிடத்திலேயே கலந்து நிற்பதால், இவரைத் திணைமயக்கம் என்று கொள்வதே பொருந்தும்.

கருப்பொருளில் உணவு, புறப்படும்போது இரண்டு பேரீச்சம்பழமும் ஒரு வாழைப்பழமும், திரும்பும்போது நெய்ப்பொங்கலும் இரண்டு வடையும் ஃபில்டர் காபியும் ஆகும். முன்னதைப் பற்றி மட்டுமே அவர் பேசுவார். விலங்கு, கானாத்தூர் முதல் கோவளம் வரை எல்லை பிரித்துக்கொண்டு காவல் புரியும் தெருநாய். பறை என்று சொல்லத்தக்கது அவர் வண்டியில் ஏதும் இல்லை, ஏனெனில் அதில் மணியே கிடையாது. மணி மட்டுமன்று, ஸ்டாண்டு, கேரியர், மட்கார்டு, செயின் கவர், பூட்டு ஆகிய எதுவும் கிடையாது. மிதிவண்டியின் விலை ஏற ஏற அதன் உறுப்புகள் குறைந்துகொண்டே வருவதும், ஒரு கட்டத்துக்கு மேல், வாங்குபவர், இல்லாத உறுப்புகளுக்கே பணம் கொடுக்கிறார் என்பதும் இத்துறையின் அடிப்படை விதிகள். ஸ்டாண்டு இல்லாத காரணத்தால் அவ்வண்டி எப்போதும் எதன்மீதாவது சாய்ந்தே நிற்கவேண்டியிருக்கிறது; பெரும்பாலும் அது வரவேற்பறைச் சுவராக இருப்பது மேற்சொன்ன ஊடலுக்கு மற்றொரு காரணம்.

உடையைப் பொறுத்தவரை, உடலோடு ஒட்டும் லைக்ரா சட்டையும், இருக்குமிடத்தில் பஞ்சு வைத்துத் தைத்த அரைக்கால்சட்டையும் அணிந்திருப்பார். காற்றின் தடையைக் குறைப்பதே இதன் நோக்கம் என்பர். குறைக்கப்பட வேண்டிய தடையில் பெரும்பகுதி சட்டைக்கு உள்ளே இருக்கிறது என்பதை அவர் மனைவி பலமுறை எடுத்துரைத்துள்ளார். ஓடிய தூரம், ஏறிய மேடு, இதயத்துடிப்பு, நிமிடத்துக்கு எத்தனை முறை மிதிக்கப்பட்டது என்பதைக் குறிக்கும் 'கேடன்ஸ்' ஆகிய அனைத்தும் அவர் மணிக்கட்டிலுள்ள கடிகாரத்தின் வழியே ஸ்ட்ராவா என்ற செயலியில் பதிவாகும். நற்செயல், தீச்செயல் இரண்டையும் எழுதிவைக்கும் சித்திரகுப்தனின் ஏட்டை ஒத்தது இச்செயலி. சித்திரகுப்தனின் ஏட்டை நண்பர்கள் பார்த்து விருப்பக்குறி இடமுடியாது என்பது ஒன்றே வேறுபாடு. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணிநேரத்துக்குள் கடக்கும் 'பிரவே' என்னும் நெடும்பயணத்தை அவர் ஒருமுறை முடித்திருக்கிறார். அதே மரபின் உச்சமாக, நான்காண்டுகளுக்கு ஒருமுறை பாரிசிலிருந்து பிரெஸ்ட் நகருக்குச் சென்று திரும்பும் 1200 கிலோமீட்டர்ப் பயணத்தைத் தொண்ணூறு மணிநேரத்தில் முடிக்கவேண்டும் என்பதைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால், கேட்பவர் அத்தொண்ணூறு மணிநேரத்தையும் உணர்வார்.

முகாமின் பாடத்திட்டம் தனி ஆய்வுக்கு உரியது. முதல்நாள் தொடக்கவிழா, குடியிருப்போர் நலச்சங்கத் தலைவரின் உரை, பெற்றோரின் ஒப்புதல் கடிதம் பெறுதல். இரண்டாம் நாள் தலைக்கவசத்தின் வாரை எத்தனை விரல் இடைவெளி விட்டுக் கட்டுவது என்ற செய்முறை. மூன்றாம் நாள் திரையில் வரலாறு; அதில் கார்ல் ஃபான் டிரைஸ் என்ற ஜெர்மானியர் 1817-இல் வடிவமைத்த, மிதியே இல்லாத, காலால் தரையை உந்தி ஓட்டப்பட்ட மரவண்டி முதலில் வரும். இரண்டு நூற்றாண்டு கழித்து அதே மிதியில்லா வண்டி மழலையருக்கான புதுக் கண்டுபிடிப்பாகக் கடைகளில் உயர்ந்த விலைக்கு விற்கப்படுவதை அவர் குறிப்பிடுவதில்லை, ஏனெனில் தம் மகளுக்கு அவர் ஒன்று வாங்கியிருக்கிறார். எட்டு முதல் பதினைந்து வயதினர் கூடிய அவ்வகுப்பில் பாதிப்பேர் உறங்கிவிடுவர். நான்காம் நாள்தான் மிதிவண்டி கூடத்துக்கு வரும்; அன்றும் அதன் உறுப்புகளின் பெயர்களே கற்பிக்கப்படும்.

இவருக்கு விஷயம் தெரியாது என்று கருதுவது பெரும்பிழை. சாயும் பக்கமாகவே முன்சக்கரத்தைத் திருப்பினால் வண்டி தானே நிமிர்ந்துகொள்ளும் என்பதும், பின்சக்கரத்தின் இருபுறமும் பொருத்தப்படும் துணைச்சக்கரங்கள் வண்டியைச் சாயவே விடாமல் தடுப்பதால் குழந்தை இந்த ஒரே ஒரு வித்தையைக் கற்காமலே வளர்கிறது என்பதும், மிதிகளைக் கழற்றி, பாதம் தரையில் பதியும் அளவுக்கு இருக்கையைத் தாழ்த்தி, சிறு சரிவில் உருளவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் விரைவில் சமநிலை பெறும் என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும். இவற்றை அவர் நாற்பது நிமிடம் விளக்குவார். அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, பின்வரிசையிலிருந்து நழுவிய ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் தூண்களுக்கிடையே வண்டியை ஓட்டிப் பார்த்து, ஜெனரேட்டர் அறையின் கதவில் முட்டி, எழுந்து, மீண்டும் ஓட்டுவதும், அவன் வாட்ஸாப் குழுவில் முறைப்படி கண்டிக்கப்படுவதும் ஆண்டுதோறும் நிகழ்வன.

வியப்புக்குரியது என்னவெனில், கோச் அங்கிள் தாம் மிதிவண்டி கற்ற வரலாற்றைத் தொடக்கவிழாவில் தவறாமல் கூறுவார்; அவ்வரலாற்றில் முகாமே கிடையாது. அவருடைய சொந்த ஊரில் வாடகைச் சைக்கிள் கடை இருந்தது. ஒரு மணிநேரத்துக்கு இத்தனை காசு என்று கொடுத்தால் கடைக்காரர் நோட்டில் பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு வண்டியைத் தருவார். சின்ன வண்டிகள் எல்லாம் போய்விட்ட நாள்களில் பெரிய வண்டியே கிடைக்கும். அப்போது கைகொடுப்பது குரங்குப் பெடல். இருக்கையில் அமர உயரம் போதாத சிறுவன், பாருக்குக் கீழேயுள்ள முக்கோணச் சந்தில் வலக்காலை நுழைத்து, உடலை வில்லாக வளைத்து, மிதியை முழுச்சுற்றுச் சுற்றமுடியாமல் அரைச்சுற்று அரைச்சுற்றாக மிதித்துச் செல்வதே அது. ஒப்புதல் கடிதத்துக்குப் பதில் அதில் பெற்றோருக்குத் தெரியாமையே இருந்தது. முழங்கால் சிராய்ப்பில் எச்சில் தொட்டுத் தடவியதையும், கண்மாய்க்கரை வரை சென்றுவிட்டு நேரம் தவறி அடிவாங்கியதையும் கண்கள் பனிக்கக் கூறி முடித்தவுடன், பிள்ளைகள் எவரும் வளாகத்தின் மஞ்சள் கோட்டைத் தாண்டக்கூடாது என்று அவர் அறிவிப்பார். வீட்டாரின் பார்வையிலிருந்து ஒரு சிறுவனைக் கண்மாய்க்கரை வரை கொண்டுசேர்த்த பொறியையே, பிள்ளைகள் பார்வையை விட்டு நீங்காமல் இருப்பதற்கான ஏற்பாடாக அவர் மாற்றிவிட்டார் என்பதை அவருக்கு எவரும் சுட்டிக்காட்டியதில்லை; காட்டினாலும், அன்றைக்கு இவ்வளவு தண்ணீர் லாரி ஏது என்று அவர் கேட்பார். அக்கேள்வி நியாயமானதே.

மூன்றாம் நாள் திரையில், டிரைசுக்கும் டூர் டி பிரான்ஸ் போட்டிக்கும் இடையே, புதுக்கோட்டை மாவட்டப் பெண்களின் படம் ஒன்று வந்துபோகும். 1990-களின் தொடக்கத்தில் அங்கு நடந்த அறிவொளி இயக்கம், எழுத்தறிவோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்பித்தது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணைநின்றார், பத்திரிகையாளர் பி. சாய்நாத் பின்னர் அதனை எழுதினார். மகளிர் சைக்கிள்கள் போதாமற்போகவே, பெண்கள் ஆண்களுக்கான சைக்கிளையே வாங்கி ஓட்டினர். முன்பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்ற வசதியும் அதில் இருந்தது. தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டும் விளைபொருளை ஏற்றிக்கொண்டும் அவர்கள் சென்றனர். அவர்களுக்குப் போகவேண்டிய இடம் இருந்தது. முகாமின் ஆறு ஆண்டு வரலாற்றில் எவரும் வண்டியில் ஒரு வேலையாக எங்காவது போனதாகக் குறிப்பில்லை. கறிவேப்பிலை வாங்கக்கூடப் போனதில்லை, ஏனெனில் அது பத்து நிமிடத்தில் வாசலுக்கே வந்துவிடுகிறது. அப்படத்துக்கு ஒதுக்கப்பட்ட நேரம் பதினைந்து விநாடி.

பத்தாம் நாள், 'லாங் ரைடு' என்று பெயர்பெற்ற ஐந்தாறு கிலோமீட்டர்ப் பயணம் கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் கடற்கரைக்குப் புறப்படும். அக்னி நட்சத்திரத்தைக் கருதி ஐந்தரை மணிக்கே அனைவரும் கூடுவர். முன்னே வழிகாட்டிக் கார். பின்னே பழுதுநீக்கு வண்டி. அதன் பின்னே, எதற்கும் இருக்கட்டும் என்று ஓர் ஆம்புலன்ஸ். இருபுறமும் ஸ்கூட்டரில் தாய்மார். அவர்களுக்குப் பின் குளிர்ந்த தண்ணீரும் சன்ஸ்கிரீனும் ஏந்திய தாத்தாக்களின் கார்கள். இவ்வாறு முப்பது மிதிவண்டிகளைக் காக்க நாற்பத்திரண்டு வாகனங்கள் செல்லும் அணிவகுப்பை ஒருமுறை சந்திப்பில் நிறுத்திய போக்குவரத்துக் காவலர், "எந்தக் கட்சி சார்?" என்று கேட்டதில் தவறொன்றுமில்லை. அரசுப் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பினருக்கு வழங்கப்படும் விலையில்லா மிதிவண்டியில், கேரியரில் தம்பியும் கூடையில் பால் பாக்கெட்டுமாக வந்த பெண்ணொருத்தி, மணியை இருமுறை அடித்து அணிவகுப்பு முழுவதையும் முந்திச் சென்றாள். அவளிடம் மணி இருந்தது.

கடற்கரையில் சான்றிதழ் வழங்கப்பட்டது. பதக்கம் எல்லோர்க்கும் உண்டு, தூங்கியவர்க்கும் உண்டு. அதற்குள் வெயில் ஏறிவிடவே, பிள்ளைகள் கார்களில் ஏற்றப்பட்டனர்; மிதிவண்டிகள் பழுதுநீக்கு வண்டியில் அடுக்கப்பட்டன; கோச் அங்கிளின் வண்டி அவருடைய காரின் பின்புறச் சட்டகத்தில் கட்டப்பட்டது. களைப்பில் அவர் மணிக்கட்டுக் கடிகாரத்தை நிறுத்த மறந்துவிட்டார். ஆதலால் காரில் திரும்பிவந்த தூரமும் மிதிவண்டிப் பயணமாகவே ஏட்டில் ஏறியது. வேகம் மணிக்கு ஐம்பத்தெட்டு கிலோமீட்டர் என்றும் இதயத்துடிப்பு எழுபத்தாறு என்றும் பதிவாயிற்று. இத்தனை வேகத்தில் இத்தனை நிதானமான துடிப்பு ஆண்டுக்கணக்கான பயிற்சியின் விளைவு என்று நண்பர்கள் எழுபத்திரண்டு பேர் பாராட்டியிருந்தனர். அந்தப் பதிவை நீக்கும் வசதி செயலியில் எங்கே இருக்கிறது என்று அவர் இன்னும் தேடிக்கொண்டிருப்பதாகக் கூறுகிறார்.