வாங்கில் இருந்து ஒரு தேத்தண்ணி

பொது இடத்தில் வழக்கத்தை மீறிவிட்டுச் சுற்றியிருப்பவர்களின் முகத்தைப் பார்ப்பது சமூக உளவியலில் ஓர் ஆய்வுமுறை. 1970களில் ஸ்ரான்லி மில்கிராமின் மாணவர்கள் நியூயோர்க் சுரங்க ரயிலில் காரணம் சொல்லாமலே பிறரின் இருக்கையைக் கேட்டார்கள். நூற்றுக்கு 68 தடவை இடம் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் இந்த ஆய்வு அதற்கு முந்தியே, பல்கலைக்கழகச் செலவில்லாமல் நடந்தது. சாதியின் பேரால் வெளியில் நின்று போத்தலிலும் தகரப்பேணியிலும் தேத்தண்ணி வாங்கிக் குடிக்க விதிக்கப்பட்டவர்கள், கடைக்குள் போய் வாங்கில் இருந்து, எல்லாருக்கும் கொடுக்கும் கிளாசிலேயே கேட்டார்கள். சில கடைகள் கொடுத்தன. சில இடங்களில் அடிதடி, உயிரிழப்பும்கூட.

‘இது அவமதிப்பல்ல, ஆகமம்’ என்பார்கள். கோயிலுக்கு அப்படியே வைத்துக்கொள்வோம். சோடாப் போத்தலில் பிளேன்டீ ஊற்றுவதற்கு எந்த ஆகமத்தில் விதி? ‘படிப்பறிவு வந்தால் தானாகப் போய்விடும்’ என்பது இன்னொரு ஆறுதல். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசத்தை மறித்து நின்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் செல்லப்பா சுந்தரலிங்கம்: ஒக்ஸ்போர்டில் படித்தவர், கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர். அதற்கு மேல் என்ன படிப்பது? இப்படி மறிப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்து அப்போதே 11 வருடம். அந்தக் கழித்தல் அவருக்குத் தெரியாததல்ல.

‘அதெல்லாம் பழைய கதை, இப்போது எல்லாருக்கும் ஒரே கிளாஸ்தானே’ என்றால், கிளாஸ் விஷயத்தில் மறுப்பில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் மணமக்கள் தேவைப் பக்கத்தில், பொறியியலாளருக்கும் கனடாவுக்கும் முன்னால் எந்தச் சொல் குந்தியிருக்கிறது என்று மட்டும் ஒருக்கால் பார்க்கலாம்.