கனெக்‌ஷன் அண்ணன்

பழைய மகாபலிபுரம் சாலையில் கொஞ்சம் வயதான மென்பொருள் ஓடுகிற அலுவலகம் எதற்குள் போனாலும் ஒரு கனெக்‌ஷன் அண்ணன் இருப்பார். அந்த மென்பொருள் எந்த டேட்டாபேஸோடு, எந்தப் பெயரில், எந்தப் பாஸ்வேர்டில் பேசுகிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். டீம் லீட் ஆகவில்லை, ஆகவும் மாட்டார். ஆனால் மேனேஜரே அவர் இருக்கைக்கு நடந்து வந்துதான் பேசுவார்.

விஷயம் என்னவோ ஒரே வரிதான். சர்வர் பெயர், போர்ட் எண், யூசர், பாஸ்வேர்டு. ஆரக்கிள் என்றால் 1521, எஸ்க்யூஎல் சர்வர் என்றால் 1433 என்று காலேஜ் பையன்கூடச் சொல்லிவிடுவான். அந்த வரி எந்தெந்த ஃபைலில் ஒளிந்திருக்கிறது என்பதில்தான் அண்ணனின் சம்பளம் இருக்கிறது. அப்ளிகேஷனுக்கு ஒன்று, ராத்திரி ஓடும் பேட்ச் வேலைக்கு ஒன்று, ரிப்போர்ட்டுக்கு ஒன்று. "இன்னும் எங்கயாவது இருக்காண்ணா?" என்று கேட்டால், "அது இப்போதைக்கு வேணாம்ப்பா" என்பார்.

ஃபைலைத் தொடுவதற்கு முன் நகல் எடுத்துவைப்பார். நல்ல பழக்கம்தான். ஆனால் ஃபோல்டரைத் திறந்தால் கான்ஃபிக் ஓல்டு, கான்ஃபிக் ஓல்டு நியூ, கான்ஃபிக் ஃபைனல், கான்ஃபிக் ஃபைனல் டோன்ட் டெலீட் என்று ஒரு கூட்டுக்குடும்பமே குடியிருக்கும். நிஜமாக ஓடுவது பெரும்பாலும் ஓல்டுதான்.

ஆரக்கிளோடு வந்த செட்டிங்கை யாரும் மாற்றாததால் 180 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டு காலாவதியாகும். காலாவதி நெருங்குகிறது என்ற மெயில் வந்தால்தான் அண்ணன் முகத்தில் களை வரும்.

"சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு டவுன்டைம் வாங்கிடு. அதுவரை யாரும் எதையும் தொடாதீங்க."

பத்து மணிக்கு எல்லாரும் காத்திருக்க, பதினொன்றரைக்கு வருவார். ஜூனியர் பையனை அந்தப் பக்கம் திரும்பச் சொல்லிவிட்டு அடிப்பார். 01017, பாஸ்வேர்டு தவறு என்று திரையில் வரும். "நெட்வொர்க் ஸ்லோ" என்று சொல்லியபடியே கேப்ஸ் லாக்கை அமர்த்துவார். ஒரு ரீஸ்டார்ட். லாகின் ஆகிவிடும். அப்புறம் பரோட்டா.

திங்கட்கிழமை காலை பாதிப் பேருக்கு மென்பொருள் வேலை செய்யும், மீதிப் பேருக்குச் செய்யாது. ஏற்கெனவே திறந்திருந்த இணைப்புகள் ஓடிக்கொண்டிருக்கும். புதிதாகக் கேட்பவருக்கு 28000, அக்கவுண்ட் லாக். யாரோ பழைய பாஸ்வேர்டைத் தொடர்ந்து 10 முறை போட்டிருக்கிறார்கள். லாக்கை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடி விழும். மேனேஜர், நெட்வொர்க்காரர், செக்யூரிட்டி டீம் எல்லோரும் ஒரே கான்ஃபரன்ஸ் காலில். ஹேக்கராக இருக்குமோ என்றுகூட ஒருவர் ஆரம்பித்துவிடுவார்.

அண்ணன் டீயை முடித்துவிட்டு, நேரே அக்கவுண்ட்ஸ் பிரிவுக்குப் போவார். அங்கே ஒரு மேஜைக்கடியில், ஒன்பது மணிக்கு ஆன் செய்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று, விற்பனைக் கணக்கை நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருக்கும்.

"நான் ஒண்ணுமே பண்ணலையே தம்பி, அது தானா ஓடுது!" என்பார் அந்த மேஜைக்கார மேடம்.

"தெரியும் மேடம், நீங்க உக்காருங்க."

மறுநாள் மேனேஜர் எல்லோருக்கும் அனுப்பும் பாராட்டு மெயிலில், ஒரு மணி நேரத்துக்குள் கோளாறைக் கண்டுபிடித்த திறமை பற்றி இரண்டு பத்தி இருக்கும். அந்த மேடத்துக்கு அந்த ரிப்போர்ட்டைப் போட்டுக்கொடுத்தவரே அண்ணன்தான் என்பது அதில் இருக்காது.