புரோக்கர் வேண்டாம் மாப்ள, மாமா போதும்

மாப்ள, உங்க வீட்டு வாசல்ல போர்டு பாத்தேன். ‘வீடு விற்பனைக்கு. நேரடி விற்பனை. புரோக்கர்கள் அணுக வேண்டாம்.’ நல்லாத்தான் எழுதியிருக்க, பிழைகூட இல்ல. கோவில்பட்டியில இந்தச் சோலியிலயே தலை நரைச்சவன் நான். கோவம் வரும்னு நெனச்சிருப்ப. வரல மாப்ள, சந்தோசந்தான் வந்துச்சு. உன் வீடு தொங்குற வரைக்கும் அந்தத் தெருவுல மத்த வீட்டையெல்லாம் நான் சுளுவா வித்துருவேன். “அந்தா பாருங்க, அவரு எழுவத்தஞ்சு கேக்காரு, இது அம்பதுதான்”னு உன் வாசலக் காட்டியே முடிச்சிருவேன். ரெண்டு முடிச்சாச்சு. உனக்கு நன்றி சொல்லாம இருந்தா பாவம்.

இப்ப புரோக்கரா வரல. உங்க அம்மா கூடப்பொறந்தவனா வந்திருக்கேன். நாலு யோசனை சொல்லிட்டுப் போயிருதேன். துட்டு வேண்டாம், காப்பி போதும். சீனி கம்மியா.

மொதல்ல வெல. எழுவத்தஞ்சுன்னு எப்படி வச்ச? மூணாவது தெருவுல ஒரு வீடு அந்த வெலைக்குப் போச்சுன்னு டீக்கடையில கேட்டிருப்ப. ஒரு வீடு போன வெல ஒவ்வொரு டீக்கடையத் தாண்டும்போதும் ரெண்டு லச்சம் ஏறும். வித்தவன் கூட்டிச் சொல்லுவான், வாங்குனவன் கொறச்சுச் சொல்லுவான். நெசம் தெரிஞ்சவன் நடுவுல நின்ன நான் ஒருத்தன், நான் சொல்ல மாட்டேன். இல்ல, டீக்கடைக் கணக்கும் இல்லைன்னா இன்னொண்ணுதான். மெட்ராசுல நீ வாங்குன பிளாட்டுக்கு பேங்க்ல எவ்வளவு பாக்கியோ, அதத்தான் இந்த வீட்டுக்கு வெலைன்னு எழுதியிருக்க. சிரிக்காத. விக்க வர்றவங்க முக்காவாசிப் பேரு அப்படித்தான் வெல வைக்காங்க.

வாங்குறவன் அவன் கணக்குப் போடுவான்ல? 2017-ல அரசாங்கம் வழிகாட்டி மதிப்பக் கொறச்சுட்டு, பதிவுக் கட்டணத்த நூத்துக்கு ஒண்ணுலருந்து நாலாக்குச்சு. 2023 ஏப்ரல்ல மதிப்பப் பழையபடி ஏத்திட்டு, கட்டணத்த ரெண்டாக்குச்சு. முத்திரைத்தாள் ஏழு, பதிவு ரெண்டு, ஆக ஒம்போது. எழுவத்தஞ்சு லச்சத்த முழுசாக் காட்டிக் கிரயம் பண்ணுனா, ஆறே முக்கால் லச்சம் அதுக்கே தனியா எடுத்து வைக்கணும். இந்த இடத்துல யாராச்சும் ஒரு புத்திசாலி வந்து, “பாதியப் பத்திரத்துல காட்டுவோம், மீதியக் கையில வாங்கிக்கோங்க”ன்னு காதக் கடிப்பான். கடிக்க விடாத. சொத்து விக்கிறதுக்கு இருபதாயிரமும் அதுக்கு மேலயும் ரொக்கமா வாங்கக் கூடாதுன்னு 2015-லருந்து சட்டம். மாட்டுனா, வாங்குன அளவுக்கே அபராதம். அதுவும் குடுத்தவனுக்கு இல்ல, வாங்குன உனக்கு.

சரி, வீடு காட்டுறதுக்கு வருவோம். போன ஞாயித்துக்கிழமை ஒரு குடும்பம் வந்துச்சே, நீ என்ன பண்ணுன? “இந்தத் திண்ணையிலதான் எங்க தாத்தா உக்காந்து பேப்பர் படிப்பாரு, இந்த முத்தத்துலதான் நான் தவழ்ந்தேன்”னு முக்கா மணி நேரம் பேசுனியாம். வாங்க வந்தவன் உன் தாத்தாவுக்கா வெல குடுப்பான்? அவரு பேப்பர் படிச்ச எடத்துல அவன் கார நிறுத்தப் போறான். நாப்பது வருசத்துக்கு முந்திக் கட்டுன வீட்டுல மனைக்குத்தான் வெல. கட்டடத்துக்கு, இடிக்கிற கூலியக் கழிச்சுக்கிட்டுத்தான் பேசுவாங்க. வயித்தெரிச்சலாத்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான், நான் சாப்பிட்டு வளந்த வீடுல்ல.

இன்னொண்ணும் கேள்விப்பட்டேன். தெக்குச் சுவத்துக்கு மட்டும் புதுசா வெள்ளையடிச்சு, ஜன்னல் மூலைக்குப் பக்கத்துல காலண்டர மாட்டி வச்சிருக்கியாம். ஏம் மாப்ள, இந்தூர்ல எவன் ஜன்னல் மூலையில காலண்டர் மாட்டுவான்? கரிசக்காட்டுல பொறந்த பச்சப் புள்ளைக்கும் தெரியும், மழை பெஞ்சா இந்த மண்ணு ஊதும், கோடையில சுருங்கும். அஸ்திவாரம் அதோட ஏறி எறங்கும், ஜன்னல் மூலையிலருந்து சாய்வா விரிசல் கெளம்பும். பாக்க வர்றவன் நேரா போயி காலண்டரத் தூக்கிப் பாப்பான். பாத்துட்டு ஒண்ணும் பேசாம அஞ்சு லச்சம் கொறைப்பான். விரிசல நீயே காட்டு, மாப்ள. “கரிசல் மண்ணு, எல்லா வீட்டுலயும் இருக்கிறதுதான்”னு சொல்லு. அம்பதாயிரம்தான் கொறைப்பான். நான் உண்ம பேசுறது எனக்குப் புடிச்சதால இல்ல. எந்த எடத்துல உண்ம மலிவு, எந்த எடத்துல பொய் மலிவுன்னு எனக்குத் தெரியும்.

அந்தக் குடும்பம் “வீடு சூப்பரா இருக்கு, மனசுக்குப் புடிச்சுருச்சு”ன்னு சொல்லிட்டுப் போனாங்களாமே. அவங்க வர மாட்டாங்க. புடிச்சவன் புடிச்சிருக்குன்னு சொல்ல மாட்டான். “தெக்குப் பாத்த வீடு, வாஸ்து சரியில்ல, ஈசானி மூலையில கக்கூசு இருக்கு, தண்ணி உப்பு”ன்னு வரிசையா நொட்டம் சொல்றான் பாரு, அவன்தான் வாங்குவான். வாங்காத வீட்டுல கக்கூசு எந்த மூலையில இருந்தா அவனுக்கு என்ன? நான் ஆம்பளைகளப் பாக்கவே மாட்டேன். அவங்க மொட்ட மாடியில போயி நின்னு, கம்பி எத்தன எம்.எம்.னு கேட்டுக்கிட்டிருப்பாங்க, தெரிஞ்ச மாதிரி. வீட்டுக்காரம்மா அடுப்படிக்குப் போயி கொழாயத் தொறந்து, தண்ணிய உள்ளங்கையில ஏந்தி நாக்குல வச்சுப் பாப்பாங்க. அப்புறம் செவுத்தோரமா ரெண்டு கையையும் விரிச்சு அளந்து, “பிரிட்ஜ் இங்க வைக்கலாமா”ன்னு வாய்க்குள்ளயே முனங்குவாங்க. அந்தச் சத்தம் காதுல விழுந்தா நான் டீ குடிக்கப் போயிருவேன். அதுக்கு மேல பேசுறவன் வீட்ட விக்கத் தெரியாதவன்.

இப்ப பத்திரம். வில்லங்கம் பாத்துட்டேன், செல்லுலயே வந்துருச்சு, சுத்தமா இருக்குன்னு சொல்ற. சந்தோசம். பதிவு பண்ணுனது மட்டுந்தான் அதுல தெரியும். உன் பெரியப்பா மகன் மனசுல இருக்குற வில்லங்கம் அதுல வராது. பாகப்பிரிவினையில உங்க அப்பாவுக்கு வந்த வீடுதான், மறுக்கல. பட்டா இன்னும் உங்க தாத்தா பேர்லயே கெடக்கு. கையெழுத்துக்கு அவரக் கூப்பிட முடியுமா? உங்க அப்பாவும் இப்ப இல்ல. தாசில்தார்கிட்ட வாரிசுச் சான்று வாங்கி, பட்டாவ வாரிசுக பேருக்கு மாத்தி, அப்புறம்தான் கிரயம். வாங்குறவன் பேங்க் லோன் போட்டான்னா, பேங்க் வக்கீலு தாய்ப்பத்திரத்துலருந்து ஒவ்வொரு தாளா கேப்பாரு. உங்க வீட்டு டிரங்குப் பெட்டியில பாதி, கரையானுக்குப் பாத்தியப்பட்டுப் போச்சு. நகல் மனுப் போடணும்.

அப்புறம் உன் தங்கச்சி. அவளுக்கு முப்பது பவுன் போட்டாச்சு, அவளுக்கு என்ன பங்குன்னு எங்கிட்டயே கேக்க. போட்ட நகை வேற, பொறந்த பங்கு வேற. அப்பா உயில் எழுதாமக் கண்ண மூடுனா அவரு சொத்துல மகளுக்கும் மகனுக்கும் சரிபங்குன்னு 1956-லயே சட்டம். பூர்வீகச் சொத்துலயும் பொண்ணுக்குப் பங்குன்னு தமிழ்நாட்டுல 1989-ல கொண்டாந்தாங்க, கல்யாணமாகாத பொண்ணுகளுக்கு மட்டும். 2005-ல அந்த ‘மட்டும்’ போயிருச்சு. உங்க அம்மா, நீ, அவ, மூணு கையெழுத்து இல்லாம அந்த வீட்டுல ஒரு ஓடுகூட விக்க முடியாது. உங்க அம்மா கையெழுத்த நான் வாங்கிருவேன், என் அக்காதானே.

முகம் ஏன் வாடுது? அவகிட்ட நான் போன வாரமே போன்ல பேசிட்டேன். துட்டுல அவ கண்டிசன் ஒண்ணும் போடல, சட்டப்படி வர்றத வாங்கிக்கிடுதேன்னுட்டா. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. தலவாசல் தேக்கு நெல அவளுக்கு வேணுமாம், சிவகாசியில கட்டுற வீட்டுக்கு. நம்மகிட்ட ஒரு பார்ட்டி தயாரா இருக்கு. நொட்டம் சொல்லிச் சொல்லியே ரெண்டு தரம் வெளிய நின்னு பாத்துட்டாரு, அம்பத்தெட்டு வரைக்கும் வருவாரு. எப்படியும் இடிக்கத்தான் போறாரு, நெல அவருக்கு வெறகுதான். ஆடி பொறந்துட்டா எவனும் பதிவுக்கு வர மாட்டான். முகூர்த்த நாளுன்னா ரிஜிஸ்டர் ஆபீசுல டோக்கன் கூட்டிக் குடுத்தும் பத்தாம நிக்காங்க. அதனால ஆனிக்குள்ள அட்வான்ஸ் வாங்கிப் பட்டா வேலைய ஆரம்பிச்சிருவோம். ஊருல எல்லாருகிட்டயும் நூத்துக்கு ரெண்டு. நீ மருமகன், ஒண்ணரை குடு. உங்க அம்மாகிட்டச் சொல்லாத, இனாமாச் செய்யச் சொல்லும்.

நெலயக் கழட்ட ஆசாரிக்குச் சொல்லிட்டேன், புதன்கிழமை வாறான். அவன் கூலி உன் கணக்கு.