பெட்டி கட்டுமுன் ஒரு கேள்வி

குடும்பத்தோடு சிட்னியில் குடியேறப் போகிறோம். வெட் கிரைண்டர் அங்கே ஓடுமா? (வாசகி, திருச்சி)

ஓடும். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். விமான நிலையத்தில் கல்லை யார் தூக்குவது என்பது என் இலாகா இல்லை.

மாமியார் கறிவேப்பிலையையும் மாவடுவையும் பெட்டிக்குள் திணிக்கிறாரே? (வாசகர், மதுரை)

பச்சைக் கறிவேப்பிலை சிட்னி குப்பைத்தொட்டி வரைதான் போகும். இறங்குமுன் நிரப்பும் படிவத்தில் மாவடுவை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சொன்னால், பறித்துக்கொண்டாலும் அபராதம் கிடையாது. மறைத்தால் தீட்டிவிடுவார்கள். அங்குள்ள மோப்ப நாய்க்கு உங்கள் மாமியார் யாரென்று தெரியாது!

அங்கே வாடகை வீட்டுக்கும் வாஸ்து பார்க்கலாமா? (வாசகர், கோவை)

சூரியனையே பாருங்களேன். அங்கே உச்சிவெயில் வடக்கிலிருந்து அடிக்கிறது. அதனால் வடக்கு பார்த்த வீட்டுக்குத்தான் மவுசு. நம் ஆடி மாதம் அவர்களுக்குக் குளிர்காலம். வெயில் விழாத வீட்டில் துணியும் காயாது, மனைவியின் கோபமும் ஆறாது.

பையன் தமிழை மறந்துவிடுவானோ? (வாசகி, சென்னை)

இப்போது அவனிடம் எந்த மொழியில் பேசுகிறீர்கள்? நியூ சவுத் வேல்ஸின் பள்ளி இறுதித் தேர்வான ஹெச்.எஸ்.சி.யில் தமிழும் ஒரு பாடம். சென்னையில் பிரெஞ்சு எடுத்தவன் சிட்னி போய்த் தமிழ் எடுக்கலாம்!