குழியை மூடாத கனவான்

கோல்ஃப் கனவான்களின் ஆட்டம் என்பார்கள். பெரும்பாலும் நடுவர் கூட வருவதில்லை. தவறியவரே தன் கணக்கில் தண்டனையை எழுதிக்கொள்வார். இத்தனை நேர்மையும் மட்டை பெயர்த்த புல்லைக் கண்டதும் எங்கே ஓடி ஒளிகிறதோ! மணற்குழியில் ஒருவர் விட்டுப்போன காலடித் தடத்தில் அடுத்தவர் பந்து விழுந்தால் விதி இரங்காது. கிடக்கும் இடத்திலிருந்தே அடிக்க வேண்டும். புல் பெயர்ந்த பள்ளத்துக்கும் அதே கதிதான். வினை விதைத்தவனை விட்டுவிட்டுப் பின்னால் வருபவனை அறுக்கச் சொல்லும் விசித்திர நிலம் இது.

"சந்தா கட்டுகிறோம், பராமரிக்க ஆள் இருக்கிறார்களே?" என்பது வழக்கமான பதில். ஆள் வருவது விடியற்காலையில். அடுத்த அணி வருவதோ பத்து நிமிடத்தில். விதி தடுக்கிறது என்ற சாக்கு ஒருகாலத்தில் ஓரளவு செல்லுபடியானது: கொடிக்குழியைச் சுற்றிய பசும்பரப்பில் பந்து விழுந்த பள்ளத்தைச் சரிசெய்யலாம், தன் பந்தின் வழியில் காலணி ஆணி கிழித்த கீறலைத் தொடக்கூடாது. 2019இல் அதுவும் போயிற்று. இப்போது பெயர்ந்த புல்லைத் திரும்பப் பதிப்பதும் மணலைச் சீராக்குவதும் விதிப்புத்தகம் எதிர்பார்க்கும் நடத்தை. நெறி வகுத்துத் தண்டனை விதிக்கவும் போட்டிக் குழுவுக்கு இடமுண்டு. கனவான்கள் வராத நாளும் புல்லுக்கு உண்டு: ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக ஆட்டம் இல்லை. ஊர் மக்கள் நாய்களோடு உலாவுகிறார்கள். புல்லுக்கு அது ஓய்வுதான். நாயாவது பின்னங்காலால் கொஞ்சம் மண்ணைத் தள்ளிவிட்டுப் போகும்.