பண்ணை மாறு படலம்

டெல்டாவில் குறுவை, சம்பா, தாளடி என்று மூன்று பட்டம். நான்காவதாக ஒன்று வந்து சில வருடமாகிறது: போன் பட்டம். குறுவை நெல்லை டிபிசியில், அதாவது அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில், போட்ட பணம் கணக்கில் ஏறுவதற்கும் தீபாவளிக்கும் நடுவில் விழுகிற பட்டம் இது. இதற்கு மேட்டூர் அணை திறக்க வேண்டாம், ஜூன் 12-இல் தண்ணீர் வருமா என்று வானம் பார்க்க வேண்டாம், வாய்க்கால் தூர்வாரச் சொல்லி மனு எழுத வேண்டாம். கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் பட்டுக்கோட்டையிலும் கடைவாசலில் பலூன் வளைவு கட்டினால் போதும், கூட்டம் கடைமடை வரைக்கும் பாயும்.

இந்தப் பட்டத்தில் நம் வீட்டுப் பையன்கள் ஒரு சபதம் எடுக்கிறார்கள். "ஆண்ட்ராய்டை விட்டுட்டு ஆப்பிளுக்கு மாறப்போறேன்." கட்சி மாறினால்கூட இந்த ஊரில் இவ்வளவு விசாரணை இருக்காது. கேமராவா, கௌரவமா, கல்யாணப் பேச்சா என்று திண்ணையே கூடிவிடுகிறது.

கணக்கைப் போட்டுவிடுவோம். 2025–26 பருவத்தில் பொது ரக நெல்லுக்குத் தமிழ்நாட்டில் கொள்முதல் விலை குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். டிபிசி மூட்டை 40 கிலோ. ஆக மூட்டைக்குச் சுளையாக ஆயிரம். 2025 செப்டம்பரில் வந்த ஐபோன் 17-இன் ஆரம்ப விலை 82,900 ரூபாய். 83 மூட்டை நெல். ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் விளைச்சல், அதுவும் உரக்கடைக் கடன், அறுவடை இயந்திர வாடகை, நகைக்கடன் வட்டி எதையும் கழிக்காமல். அந்த 83 மூட்டையும் 17 சதவீத ஈரப்பதச் சோதனையைத் தாண்ட வேண்டும். அதற்கு மேல் மூட்டைக்கு இவ்வளவு என்று கை நீட்டுகிறார்கள் என்பது விவசாயச் சங்கங்கள் வருடம் தவறாமல் கொடுக்கிற புகார். 2025 அக்டோபர் மழையில் டெல்டாவின் டிபிசி வாசல்களில் நெல் நனைந்து, முளைவிட்டுக் கிடந்ததை நாடே பார்த்தது. அதே மாதம் போன் கடையில் விற்றது தண்ணீர் புகாத போன். சட்டைப்பையில் கிடக்கும் கண்ணாடித் துண்டு நனையக் கூடாது என்று உலகத்தின் மூளையெல்லாம் சேர்ந்து யோசித்திருக்கிறது. நெல்லுக்கு மட்டும் தார்ப்பாய் பற்றாக்குறை.

பையனைத் திட்டுவது சுலபம். அந்த வேலையை டீக்கடைப் பெரியவர்கள் ஏற்கெனவே சிறப்பாகச் செய்துவருகிறார்கள். எனக்குக் கோபம் அவன் மேல் இல்லை. அவனை வாசலில் மாலை போட்டு வரவேற்று, உள்ளே போனதும் கொல்லைக் கதவைப் பூட்டுகிறவர்கள் மேல்.

கடைக்காரப் பிள்ளை சொல்வான்: "அண்ணே, ஒரு அரை மணி நேரம்தான். எல்லாம் தானா மாறிடும்." ஆப்பிளே 2015-இல் 'மூவ் டு ஐஓஎஸ்' என்று ஒரு செயலியைப் போட்டு, ஆண்ட்ராய்டில் இருப்பதை அள்ளிவரச் சொன்னது. தொடர்பு எண்கள் வரும், படங்கள் வரும், குறுஞ்செய்தி வரும். வாட்ஸ்அப்? அதை ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு முறையாகக் கொண்டுபோக வழி கிடைத்தது 2022-இல். ஏழு வருடம் யாருக்கும் அவசரம் இல்லை. வழி கிடைத்தபோதும் ஒரு நிபந்தனை: ஐபோன் பெட்டி பிரித்த நிலையில் புத்தம் புதிதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அதில் இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். புதுப் போனை நாலு நாள் ஆசையாகத் தடவிவிட்டு ஐந்தாம் நாள் ஞாபகம் வந்தவன் கதி அதோகதி. ஆண்ட்ராய்டு தன் வாட்ஸ்அப் பிரதியைக் கூகுள் டிரைவில் வைக்கும், ஐபோன் ஐகிளவுடில் வைக்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய செயலி என்றால் புதுக் கடையில் மறுபடி காசு.

வாட்ஸ்அப்பில் அப்படி என்ன இருக்கிறது என்று நகரத்து நண்பர்கள் கேட்கலாம். எங்கள் பக்கம் அதில்தான் எல்லாம் இருக்கிறது. எந்த வாய்க்காலில் முறை என்பது அதில். வி.ஏ.ஓ. அனுப்பிய அடங்கல் படம் அதில். வெள்ளத்தில் மூழ்கிய வயலைத் தேதியோடு எடுத்த படம், பயிர்க் காப்பீட்டுக்காரன் கேட்டால் காட்ட, அதில். சிங்கப்பூரிலிருக்கும் மாமா பேசி அனுப்பிய ஒலிப்பதிவு அதில். எழுத்துக் கூட்டிப் படிக்கும் தகப்பன்மார் பேசி அனுப்புகிறவர்கள். செத்துப்போன அப்பாவின் குரல் சில வீடுகளில் அந்தப் பச்சைப் பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கிறது. அதைத்தான் ஏழு வருடம் நடுத்தெருவில் நிறுத்திவைத்தார்கள்.

தொழில்நுட்பச் சிக்கல் என்பார்கள். நம்பாதீர்கள். ஆப்பிளின் மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி 2013-இல் எழுதிய உள் அஞ்சல் ஒன்று எபிக் நிறுவனத்தின் வழக்கில் 2021-இல் வெளியே வந்தது. ஆப்பிளின் செய்திச் சேவையான ஐமெசேஜை ஆண்ட்ராய்டுக்குக் கொடுத்தால், ஐபோன் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்டு வாங்கித்தர இருக்கும் தடை நீங்கிவிடும் என்பது சாரம். 2016-இல் இன்னொரு அதிகாரி, ஃபில் ஷில்லர், அப்படிக் கொடுப்பது நமக்கு உதவுவதைவிடக் கெடுக்கும் என்று எழுதினார். தடை என்று அவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். தப்பி விழுந்த கல் இல்லை, அளவெடுத்துக் கட்டிய சுவர். 2022 செப்டம்பரில் ஒருவர் மேடையிலேயே டிம் குக்கிடம் கேட்டார்: என் அம்மாவிடம் இருப்பது ஆண்ட்ராய்டு, நான் அனுப்பும் வீடியோக்கள் அவருக்குச் சரியாகப் போவதில்லையே? அம்மாவுக்கு ஒரு ஐபோன் வாங்கிக் கொடுங்கள் என்றார் குக். கூட்டம் சிரித்தது. ஒரத்தநாட்டில் நடவுக்குப் போகிற அம்மாவைக் கூட்டிவந்து அந்த மேடையில் நிறுத்தியிருந்தால் சிரித்திருப்பார்களா? சிரித்திருப்பார்கள்.

அதற்காகக் கூகுளை ஏழைப் பங்காளன் என்று நினைக்க வேண்டாம். ஆண்ட்ராய்டில் தன் செயலிகளை முன்கூட்டியே திணித்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் அதற்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அதைவிட வேடிக்கை ஒன்று அமெரிக்க நீதிமன்றத்தில் வெளிவந்தது. ஐபோனில் தன் தேடுபொறியே முதலில் நிற்க வேண்டும் என்பதற்காகக் கூகுள் ஆப்பிளுக்கு 2022-இல் மட்டும் கொடுத்தது 2,000 கோடி டாலர். ரூபாயில் ஒன்றரை லட்சம் கோடிக்கும் மேல். பையன் இந்த வீட்டை விட்டு அந்த வீட்டுக்குப் போகிறேன் என்று வீரமாகப் படியிறங்குகிறான். இரண்டு வீட்டுக்காரர்களும் மாடியில் உட்கார்ந்து பங்கு பிரிக்கிறார்கள்.

தஞ்சாவூர் மண்ணுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. இங்கே பண்ணையாள் என்று ஒரு வாழ்க்கை இருந்தது. கால் விலங்கு எல்லோருக்கும் தேவைப்படவில்லை. வாங்கிய கடன் பண்ணையின் கணக்கில் இருந்தது, குடிசை நின்ற மனை மிராசுதாருடையதாக இருந்தது. போகிறேன் என்றால் போகலாம், குடிசையை விட்டுவிட்டு. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிந்த மண் இது. அந்த ரத்தத்தை ஒரு கண்ணாடிப் பலகையோடு வைத்து எடை போடும் அளவுக்கு எனக்குப் புத்தி கெட்டுவிடவில்லை. சூத்திரத்தை மட்டும் சொல்கிறேன்: உன் குடிசை என் மனையில் இருக்கும் வரை நீ என் ஆள். உன் அப்பாவின் குரல் என் கிளவுடில் இருக்கும் வரையிலும் அப்படித்தான்.

அந்தச் சூத்திரத்தை உடைத்தது மிராசுதார்களின் மனமாற்றம் அல்ல, செங்கொடி பிடித்த போராட்டமும் அதன் நெருக்கடியில் வந்த சட்டமும். 1952-இல் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். 1971-இல் குடியிருப்புச் சட்டம்: குடிசை போட்டிருந்தவனுக்கே அந்த மனை சொந்தம்.

மாற்றம் என்பது வாங்குகிறவனை மட்டும் கடிக்கிற விஷயமும் அல்ல. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் நோக்கியா ஆலை வந்தது. நல்ல காலத்தில் சுமார் 8,000 பேருக்கு வேலை. 2011 பிப்ரவரியில் நோக்கியாவின் தலைவர் ஸ்டீபன் இலாப், சிம்பியன் மென்பொருளை விட்டு விண்டோஸ் போனுக்கு மாறுகிறோம் என்று அறிவித்தார். அதுவும் ஒரு பண்ணை மாற்றம்தான். மூன்று வருடத்தில் போன் தொழிலையே மைக்ரோசாஃப்ட் வாங்கியது. வரி வழக்கில் மாட்டியிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலையை மட்டும் வேண்டாத பிள்ளையாக விட்டுவிட்டுப் போனது. 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி இல்லை. ஊரில் போய் நோக்கியாவில் வேலை என்று சொல்லிப் பெண் பார்த்த பையன்கள் கையில் ஒரு செட்டில்மென்ட் தொகையோடு திரும்பினார்கள். பிறகு அந்த ஆலையைச் சால்காம்ப் வாங்கியது. அது என்ன செய்கிறது? ஆப்பிளுக்குச் சார்ஜர். கட்டடம்கூட ஐபோனுக்கு மாறிவிட்டது, அதில் வேலை பார்த்தவர்கள்தான் மாற முடியவில்லை.

ஐபோனும் அதே ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கான் ஆலையில் உருவாகிறது. கிராமத்துப் பெண் பிள்ளைகள் விடுதியில் தங்கிக் கோக்கிறார்கள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு ஒவ்வாமல் 250-க்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள், 159 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அந்தப் பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் ஆப்பிளுக்கு விடுதியும் சாப்பாட்டுக் கூடமும் தன் தரத்தில் இல்லை என்று தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத கீறலைக்கூட ஆலையில் கண்டுபிடிக்கும் கம்பெனிக்குச் சோற்றைப் பார்க்கக் கண் தெரியவில்லை.

சரி, அரசாங்கம்? பண்ணைக்குக் கணக்குப்பிள்ளை வேலை பார்க்கிறது. 2018-இல் உழவன் செயலி. நூறுநாள் வேலையில் 2023 ஜனவரியிலிருந்து எல்லா இடத்திலும் செயலி வருகைப்பதிவு, நாளுக்கு இரண்டு படம். பி.எம். கிசான் 6,000 ரூபாய்க்கு 2023-இல் முகம் காட்டச் செயலி. 2025-இல் விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண், ஆதாரோடு இணைந்த எண்ணுக்கு ஓ.டி.பி. மண்வெட்டி இல்லாமல்கூட இன்று விவசாயியாக இருந்துவிடலாம், ஸ்மார்ட்போன் இல்லாமல் முடியாது. அந்தப் போனை வாங்க மானியம் கிடையாது. போன் மாறும் வாரத்தில் ஓ.டி.பி. வராமல் இ-சேவை மையத்து வரிசையில் நிற்கும் அறுபது வயதுக்காரருக்குப் பதில் சொல்ல ஆள் கிடையாது. இந்த முகம் காட்டல் வருவதற்கு முன், 2020-இல் தமிழ்நாட்டில் அதே பி.எம். கிசான் திட்டத்தில் தகுதியில்லாத சுமார் ஐந்தரை லட்சம் பேர் கணக்கில் 110 கோடி ரூபாய் ஏறியது. திருடனுக்குக் கடவுச்சொல் சுலபமாகக் கிடைக்கிறது, உழவனுக்குத்தான் ஓ.டி.பி. வரமாட்டேன் என்கிறது.

கதவைத் திறக்க அரசாங்கத்துக்குத் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும், எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் உரிமை வந்தது. கட்டணம் அப்போது அதிகபட்சம் 19 ரூபாய். தொலைபேசி நிறுவனங்கள் முடியாது, சிக்கல், செலவு என்று அன்றைக்கும் பாட்டுப் பாடின. 2018-இல் ஏர்செல் படுத்தபோது தமிழ்நாட்டில் பலரும் எண்ணைக் காப்பாற்றிக்கொண்டு வெளியேற முடிந்தது அந்த விதியால்தான். ஒரே வகைச் சார்ஜர் வேண்டும் என்று ஐரோப்பாவும் சட்டம் போட்டது. 2023-இல் வந்த ஐபோன் 15-இல் சார்ஜர் துளையே மாறிவிட்டது. இன்னொரு ஐரோப்பியச் சட்டத்தின் நெருக்கடியில்தான் ஐபோனிலிருந்து வெளியே போகிறவர்களுக்கும் சுலபமான வழி செய்கிறோம் என்று ஆப்பிள் 2024-இல் எழுதிக்கொடுத்தது. சட்டம் கண்ணைக் காட்டினால் தொழில்நுட்பச் சிக்கல் மறுநாளே தீர்ந்துவிடும். இந்தியாவில் டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவு 2024 மார்ச்சில் வந்தது. 2025 முழுவதும் போயும் அது சட்டம் ஆகவில்லை.

தஞ்சாவூரிலும் நாகப்பட்டினத்திலும் மயிலாடுதுறையிலும் ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் எல்லோர் கையிலும் விலை உயர்ந்த போன் இருக்கும். செல்ஃபி எடுக்கத் தோளில் கை போடுவார்கள். போடட்டும். அந்தக் கையைப் பிடித்து நிறுத்தி ஒன்றைக் கேளுங்கள்: குடிசை மனையை 1971-இல் எழுதிக் கொடுத்தீர்கள், போன் எண்ணை 2011-இல் எங்களுக்கே விட்டீர்கள், எங்கள் வீட்டுப் படமும் பேச்சும் கணக்கும் எந்தப் போனுக்கு வேண்டுமானாலும் 19 ரூபாய்க்கு எங்களோடு வரும் என்று எப்போது எழுதித் தரப்போகிறீர்கள்? பதில் வரும் வரை செல்ஃபிக்கு நிற்காதீர்கள்.