சித்திரபுத்திரனார் சமுகத்துக்கு ஒரு கணினி விஷயமாக விண்ணப்பம்

இயமதருமராஜாவின் சபையில் கணக்கராய் வீற்றிருந்து, சகல ஜீவராசிகளின் ஆயுளையும் பாவ புண்ணியங்களையும் ஏட்டில் பதிந்தருளும் மகாராஜராஜஸ்ரீ சித்திரபுத்திரனார் அவர்களுக்கு, இலங்கைத் தீவில், மாத்தளை மாவட்டத்தின் கீழ்த்திசை ஓரத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடருக்கும் மகாவலி கங்கைக்கும் நடுவே நெல்வயல்களோடு கிடக்கும் வில்கமுவப் பிரதேசத்திலிருந்து அடியேன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

தங்கள் இலாகாவின் அதிகாரத்தில் அந்நியர் கைவைத்திருக்கிறார்கள் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவதே இவ்விண்ணப்பத்தின் பிரதான நோக்கம். ஆயுளை நிர்ணயிக்கும் உரிமை தங்கள் சமுகத்துக்கே உரியதென்று நம்பி, சித்திரைப் பூரணைதோறும் கோயிலில் தங்கள் கதையைப் படிக்கக் கேட்டுக் கஞ்சியும் குடித்துவரும் குடும்பம் எங்களுடையது. அப்படியிருக்க, அமெரிக்க தேசத்து மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தார், தாங்கள் எக்காலத்திலும் செய்யத் துணியாத ஒரு காரியமாய், மரணத் திகதியை முன்கூட்டியே பகிரங்கப்படுத்தி, 2015 ஜூலை 29இல் உலகத்துக்கு வந்த விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்குத் தாம் அளிக்கும் ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிவுறும் என்று சாற்றி, சாற்றியபடியே நடத்தியும் காட்டிவிட்டார்கள். இதன் பயனாய் 24 கோடிக் கணினிகள் குப்பைமேட்டுக்குப் போகக்கூடும் என்று கனாலிஸ் என்னும் சந்தை ஆய்வு நிறுவனம் 2023ஆம் ஆண்டு இறுதியில் மதிப்பிட்டது. இத்தனை பெரிய ஜனத்தொகையைத் தங்கள் ஏட்டில் பதியாமலே ஒரு தனியார் நிறுவனம் பரலோகம் அனுப்புவதைத் தாங்கள் எவ்வாறு சகித்திருக்கிறீர்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

அந்த யந்திரங்களுள் ஒன்று என் பெரியப்பாவின் மேசைமீது இருக்கிறது. பெரியப்பா அரசாங்க சேவையில் இலிகிதராய் இருந்து இளைப்பாறியவர்; அரச ஊழியர் இளைப்பாறும் வயதை 60இலிருந்து 65ஆக உயர்த்திவிட்டு, மை காயுமுன்னர் 2022இல் மறுபடியும் 60ஆக இறக்கிய நிர்வாகத்தின் கீழ் வாழ்பவராதலால், மேலிடத்தார் குறிக்கும் திகதிகளில் அவருக்கு அதிக பக்தி கிடையாது. 2016இல் மாத்தளை டவுனில் வாங்கிய அந்தக் கணினியைக் கொண்டு, பிரதேச செயலகத்துக்கு மனுச் செய்யவேண்டிய அயலவர்களுக்குச் சிங்களத்திலும் தமிழிலும் கடிதம் எழுதிக் கொடுப்பதும், யானை மிதித்த வயலுக்கு நஷ்டஈடு கோரும் விண்ணப்பங்களை ஒழுங்கான பாஷையில் திருத்துவதும், ஞாயிற்றுக்கிழமைகளில் டொரொண்டோவிலுள்ள மகளின் முகத்தைக் காண்பதுமே அவருடைய காரியங்கள். பக்கத்திலுள்ள வஸ்கமுவ வனத்தை 1984இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்தவர்கள் அந்தப் பிரகடனத்தை யானைகளுக்குப் படித்துக் காட்டத் தவறிவிட்டபடியால், இரண்டாம் வகைக் கடிதங்களுக்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை.

அக்கணினி மெதுவானது என்பதை நான் மறைக்கவில்லை. காலையில் பெரியப்பா அதன் பொத்தானை அழுத்திவிட்டுச் சுவாமி விளக்கேற்றி, கோழிகளைத் திறந்துவிட்டு, ஒரு பிளேன்டீயும் ஊற்றிக் குடித்து முடித்து வந்தமர்கின்ற சமயத்துக்கு அது விழித்தெழுந்து அவரை வரவேற்கும். இந்த ஏற்பாட்டில் அவருக்கு யாதொரு குறையும் இருந்ததில்லை. குறை, விடுமுறைக்கு வந்து அதன் முன்னால் அரைமணி நேரம் குந்தியிருந்த பேரன்மாருக்கே உண்டாயிற்று. உடனே வாட்ஸ்அப்பில் குடும்ப மகாசபை கூடியது. டொரொண்டோ மகள் பணம் அனுப்புவதாய் அறிவித்தாள். கொழும்பு மருமகன் புதிய மடிக்கணினிகளின் படங்களை வரிசையாக அனுப்பினார். டவுனிலுள்ள ஒரு கடைக்காரர் பழையதைத் தொட்டும் பாராமலே அதற்கு ஆயுள் முடிந்துவிட்டதென்று தீர்ப்புச் சொன்னார். அபிப்பிராயம் கேட்கப்படாத ஒரே ஆள் பெரியப்பா. அவர் அந்தக் குழுவிலேயே சேர்க்கப்பட்டிருக்கவில்லை.

அதன் மந்தகதிக்குக் காரணம் யாதென்று தாங்கள் விசாரித்தால், அது முதுமையன்று என்பதைக் காண்பீர்கள். அதனுள்ளே இருக்கும் வன்தட்டு, 1956இல் ஐ.பி.எம். நிறுவனத்தார் 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகளை அடுக்கி ஐம்பது லட்சம் எழுத்துகளைச் சேமித்துவைத்த அந்த ஆதித் தட்டின் வம்சத்தில் வந்தது. நிமிஷத்துக்கு 7200 தடவை சுழன்றாலும், வேண்டிய தகவல் முனைக்குக் கீழே வந்து சேரும்வரை அது காத்திருக்கத்தான் வேண்டும். சிதறிக்கிடக்கும் இடங்களில் நூற்றை ஒரு விநாடிக்குள் எட்டிப் பார்ப்பதற்கே அதற்கு மூச்சு வாங்கிவிடும். கச்சேரியின் ஆவண அறையில் ஒரே ஒரு பியூனை ஏணியில் ஏற்றியிறக்கி ஒவ்வொரு கோப்பாய்க் கேட்டுக்கொண்டு, மேசையிலிருக்கும் இலிகிதர் சோம்பேறி என்று குற்றஞ்சாட்டுவது போன்றது இந்தக் கணினியை மந்தமென்று பழிப்பது. சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. என்னும் திண்மத் தட்டோ அதே விநாடியில் பல்லாயிரம் இடங்களைப் பார்த்துவிடும். அதன் விலை புதிய கணினியின் விலையில் ஒரு சிறு பின்னமே. நினைவகத்தையும் இரட்டிப்பாக்கச் சொல்லி மற்றொரு விற்பனையாளர் யோசனை கூறினார். பெரியப்பாவின் விண்டோஸ் 32 பிட் பதிப்பாதலால், 4 ஜிகாபைட்டுக்கு மேல் எத்தனை வைத்தாலும் அது ஏறெடுத்தும் பாராது என்பதை அவரிடம் சொன்னபோது, அவர் பேச்சை மழையின் பக்கம் திருப்பிவிட்டார்.

புதியதை வாங்கினால் என்ன என்று தங்கள் சபையில் யாரேனும் கேட்கலாம். 2022இன் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்த நாணயம் அவ்வாண்டிலேயே 360ஐத் தாண்டி வீழ்ந்து, பிறகு சற்றே எழுந்து 2025இல் 300ஐ ஒட்டி நின்றது. வற் வரி 2024 ஜனவரியில் 15 சதவீதத்திலிருந்து 18ஆக ஏறியது. ஆனால் பணம் இங்கே அற்ப விஷயம்; டொரொண்டோ மகளுக்கு அது ஒரு பொருட்டன்று. பெரியப்பா தட்டச்சு செய்த தமிழ்க் கடிதங்களெல்லாம் பாமினி எழுத்துருவிலும், சிங்களக் கடிதங்கள் எப்.எம். அபயாவிலும் கிடக்கின்றன. இவ்வெழுத்துருக்களை நினைவாய் எடுத்துச் சென்று நாட்டாவிடில், இத்தனை வருஷத்து மனுக்களும் புதிய யந்திரத்தில் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துக் குவியலாய்த் தோன்றும். மகள் பணம் அனுப்பலாம், பாமினியை அனுப்ப அவளுக்குத் தோன்றுமா? அவருடைய பழைய அச்சுப்பொறிக்கு 32 பிட் இயக்கிமென்பொருள் மாத்திரமே உண்டு. விண்டோஸ் 11 என்பதோ 64 பிட்டில் அன்றி வேறு வடிவில் வெளிவந்ததே இல்லை. ஆகவே கணினி புதுப்பிக்கப்படும்போது அச்சுப்பொறியும் உடன்கட்டை ஏறவேண்டும். அதற்குமேல், திரையில் எந்தப் படம் எந்த மூலையில் இருக்கும் என்று விரல்களே அறிந்துவைத்திருக்கும் ஒரு வயோதிகரை மறுபடியும் அரிச்சுவடி வகுப்பில் உட்கார வைப்பதற்கு யார் பொறுப்பேற்பார்கள்? பணம் அனுப்புகிறவர்கள் பொறுப்பேற்பதில்லை. பக்கத்து வீட்டுப் பையன்தான் ஏற்கிறான்.

பழையதிலேயே விண்டோஸ் 11ஐ ஏற்றிவிடலாமென்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் வம்சமாயின் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆன செயலியும் வேண்டுமென்று விதித்திருக்கிறார்கள். பெரியப்பாவினுடையது ஆறாம் தலைமுறை. கொல்லைப்புற வழியாய் ஏற்றுவோரும் உளர். அங்ஙனம் ஏற்றியவர்களுக்குப் புதுப்பிப்புகள் கிடைக்குமென்று உத்தரவாதமில்லை என நிறுவனத்தார் முன்னரே எழுதிவைத்துவிட்டனர்.

நியாயத்தின் பொருட்டு ஒன்று சொல்லவேண்டும். ஒக்டோபர் 14ஆம் திகதியோடு யந்திரம் நின்றுபோவதில்லை; புதிதாய்க் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் சேவையே நின்றுபோகிறது. அது சிறிய விஷயமன்று; ஓட்டை அடைபடாத கணினியில் வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லைத் தட்டுவது அறிவீனமாகும். இதற்குப் பரிகாரமாய் 2026 ஒக்டோபர் 13 வரையில் ஓராண்டு ஆயுள் நீட்டிப்பும் வழங்கியிருக்கிறார்கள். அதன் நிபந்தனைகளைக் கேட்டால் தங்களுக்கு நிச்சயம் சுவாரசியமாயிருக்கும்: 30 டொலர் செலுத்தலாம், அல்லது கணினியின் அமைப்பு விபரங்களை நிறுவனத்தாரின் கணக்கில் ஒப்படைத்து இலவசமாய்ப் பெறலாம், அல்லது அவர்களுடைய தேடுபொறியில் தேடியும் இன்னபிற கைங்கரியங்கள் செய்தும் ஈட்டிய 1000 புள்ளிகளைக் கொடுத்துத் தீர்க்கலாம். புண்ணியத்தைப் புள்ளியாய் எண்ணி ஆயுளாய் மாற்றிக் கொடுக்கும் இந்த முறை, தங்கள் ஏட்டிலிருந்து திருடப்பட்டதல்லாமல் வேறென்ன? ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் பிறந்த கணினிகளுக்கு இந்நிபந்தனைகளைத் தளர்த்தி இலவசமாய் அளிக்கிறார்கள். வில்கமுவவில் வந்து பிறந்தது பெரியப்பாவின் கணினி செய்த பூர்வஜன்ம வினை. ஸ்தாபனங்களுக்கோ முதலாண்டு ஒரு கணினிக்கு 61 டொலர், அடுத்த ஆண்டு அதன் இரட்டிப்பு, மூன்றாமாண்டு அதற்கும் இரட்டிப்பு. மார்க்கண்டேயனுக்கும் இப்படி விலை பேசியிருந்தால் சிவபெருமான் வரவேண்டிய அவசியமே நேர்ந்திராது.

எங்கள் பக்கத்து மரண காரணங்கள் வேறு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் தீவு முழுவதும் மின்சாரம் அற்றுப்போயிற்றென்று பொறுப்பான அமைச்சரே தெரிவித்தார். அன்றைக்கும், இடிமழைக் காலத்து மற்றெல்லா அந்தி வேளைகளிலும் இந்தக் கணினி திடீரென்று இருண்டு, மின்சாரம் திரும்பியதும் தன் தட்டைத் தானே பரிசோதித்துக்கொண்டு எழுந்திருக்கிறது. ஒக்டோபர் 14ஐவிட அதற்குப் பெரிய சத்துரு பாணந்துறைக் குரங்குதான். ஆகையால் மடிக்கணினிக்கு ஒதுக்கிய பணத்தில் மின்தடையில் கைகொடுக்கும் ஒரு யூ.பி.எஸ். வாங்குவதே விவேகம் என்று மகாசபைக்கு எழுதினேன். அதற்கு ஒரு பெருவிரல் படம் மாத்திரம் பதிலாக வந்தது.

ஆதலின் அடியேனின் முடிவு இது: பழைய வன்தட்டிலுள்ளதை அச்சுப் பிசகாமல் ஒரு எஸ்.எஸ்.டி.க்குப் பிரதி செய்து, பாமினியும் அச்சுப்பொறியும் படங்களின் மூலைகளும் இருந்தபடியே இருக்க விடுவது. ஓராண்டு நீட்டிப்பைப் பெற்றுக்கொள்வது. வங்கி விவகாரத்தை வங்கியிலேயே போய் முடிப்பது. 2026 ஒக்டோபருக்குப் பின் லினக்ஸ் என்னும் மாற்று இயங்குதளத்தை ஏற்றுவதா என்று அப்போது பெரியப்பாவையே கேட்பது.

தாங்கள் செய்யவேண்டியது சொற்பமே. மேற்படி கணினியின் பெயர் யாருடைய சிபாரிசின்பேரிலாவது தங்கள் ஏட்டில் ஏறியிருந்தால் அதை அடித்துவிடவேண்டும். அதற்கும் மனமில்லாமல் தூதர்களை அனுப்புவதேயானால், மாலை ஆறு மணிக்குப் பிறகு வீதியில் யானை நிற்குமாதலால் பகலிலேயே அனுப்பவேண்டும். மேசையின் முன்னால் உட்கார்ந்திருப்பவரும் மேசைமீது இருப்பதும் ஒரே முகவரியில் வசிப்பதால், தூதர்கள் அழைத்துப்போக வந்தது எதை என்பதைச் சீட்டில் தெளிவாய் எழுதிக் கொடுத்தனுப்புமாறு குடும்பத்தார் சார்பில் விசேஷமாய் வேண்டிக்கொள்கிறேன்.